ஆத்தாவுக்கு கேஸா, கரண்ட் அடுப்பா? பெரியவுக தனியா இருக்கற வீட்டுக்கு எது சரி

தேவகோட்டை மகள்
எல்லாருக்கும் வணக்கம். இவ்வளவு நாளா படிச்சிட்டு மட்டும் போயிடுவேன், இன்னிக்கு நெசமாவே உதவி வேணும்னு எழுதறேன். எங்கம்மாவை ஆத்தான்னுதான் கூப்பிடுவோம், அவுகளுக்கு 78 வயசு, தேவகோட்டைல எங்க பழைய வீட்டுல தனியா இருக்காக. அப்பா தவறி ஆறு வருஷம் ஆச்சு, நான் சென்னைல, தம்பி துபாய்ல. போன வாரம் காலைல பால்காரர் கொல்லைப் பக்கமா வந்தவரு கேஸ் வாடை தாங்கலன்னு சத்தம் போட்டிருக்காரு. ஆத்தா அடுப்படி வாசல்லயே உக்காந்து வாழைப்பூ ஆய்ஞ்சுக்கிட்டு இருந்திருக்காக, அவுகளுக்கு ஒண்ணுமே தெரியல. என்ன நடந்ததுன்னா பால் வைக்க கேஸைத் திருகியிருக்காக, லைட்டர் பத்தல, தீப்பெட்டி எடுக்க ரெண்டாங்கட்டுக்குப் போனவுக அங்க யாரோ போன் பண்ண பேசிட்டு அப்படியே மறந்துட்டாக. கொரோனா வந்து போனதுல இருந்தே அவுகளுக்கு வாடை சரியா பிடிக்கறதில்லன்னு எங்களுக்குத் தெரியும், ஆனா அதை கேஸோட சேத்து நாங்க யோசிக்கவே இல்ல. நெனைச்சா இப்பவும் கை நடுங்குது.

தம்பி, கேஸை மொத்தமா எடுத்துட்டு இண்டக்‌ஷன் வச்சிருங்கறான். ஆத்தா, "கரண்ட்ல வெள்ளைப் பணியாரம் வராது, என்னைய அடுப்படியில இருந்து எறக்கப் பாக்குறீக"ன்னு கண்ணு கலங்கிட்டாக. எனக்கு ரெண்டு பக்கமும் புரியுது. உங்க வீடுகள்ல என்ன செஞ்சீங்க?

பள்ளத்தூர் ஆச்சி
அம்மாடி, முதல்ல ஆத்தாவுக்கு ஒண்ணும் ஆகலல்ல, அதுக்கு முருகனுக்கு ஒரு அர்ச்சனை பண்ணிருங்க. எனக்கும் 66 ஆச்சு, நானும் பாதி நாள் தனியாத்தான் இருக்கேன். நான் கேஸ் பக்கம். நாப்பது வருஷமா தீயைக் கண்ணால பாத்து சமைச்ச கை இது, கொதிக்கற சத்தத்தை வச்சே சின்னதாக்கணுமா பெருசாக்கணுமான்னு தெரியும். நம்பரைப் பாத்து சமைக்கறது எனக்கு ஒத்து வரல, மருமக வாங்கிக் குடுத்த இண்டக்‌ஷன் மேசைக்கு அடியில கெடக்கு. ஒரு தடவை நடந்ததுக்காக அவுக கைப்பழக்கத்தைப் பிடுங்காதீக. பெரியவுக சமைக்கறதை நிறுத்தினா சாப்பிடறதும் கொறஞ்சுரும், இதை நான் எங்க அயித்தை வீட்டுலயே பாத்துட்டேன், பிஸ்கட்டும் காப்பியுமா நாளை ஓட்டினாக.

கோட்டையூர் ஸ்டவ் சர்வீஸ்
ஆச்சி, கேஸ் ஸ்டவ் ரிப்பேர்தான் 22 வருஷமா என் தொழில், அதனால கரண்ட் அடுப்புக்கு வக்காலத்து வாங்க வரலை. ஆனா இந்த வீட்டுல முதல்ல கவனிக்க வேண்டியது வேற ஒண்ணு இருக்கு. நம்ம சிலிண்டர்ல இருக்கற கேஸ் காத்தை விட கனம், கசிஞ்சா மேல போகாது, தண்ணி மாதிரி தரையில படுத்துக்கும். பழைய செட்டிநாட்டு வீட்டு அடுப்படிக பாதி எடத்துல வாசப்படி உயரமா, தரை பள்ளமா இருக்கும், அங்க கேஸ் தேங்கி நிக்கும். மேல ஜன்னல் தொறந்திருக்கேன்னு நிம்மதியா இருக்கக்கூடாது, கீழ்மட்டத்துல காத்து வெளியேற வழி இருக்கணும். அன்னிக்கு உங்க ஆத்தா கொல்லைக் கதவைத் தொறந்து வச்சிருந்தாகன்னு நெனைக்கறேன், அதான் காப்பாத்திருக்கு.

வாடை வந்தா லைட் ஸ்விட்சைப் போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, ரெகுலேட்டரை மூடி கதவுகளைத் தொறந்துட்டு வெளிய வந்து 1906க்கு போன் பண்ணணும். அந்த வாடையே கேஸோடது இல்ல, கசிஞ்சா தெரியணும்னு கலக்கற மெர்காப்டனோட வாடை. வாடை பிடிக்காதவுகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லன்னு ஆகிப்போகுது, அதுதான் இந்த இழையில எனக்கு முக்கியமாப் படுது.

நியூஜெர்சி மாப்பிள்ளை
நான் கண்டனூர், இப்ப அமெரிக்கால. இங்க இந்த சண்டை 2023 ஜனவரில பெருசா வெடிச்சுது, நுகர்வோர் பாதுகாப்பு கமிஷன்ல ஒருத்தர் கேஸ் அடுப்பைத் தடை பண்றதும் ஒரு வழிதான்னு பேட்டி குடுத்ததும் அது ஒரு அரசியல் பிரச்சினையாவே ஆயிடுச்சு. அதுக்கு முன்னாடியே 2019ல கலிஃபோர்னியால இருக்கற பெர்க்லி நகரம் புது கட்டடங்களுக்கு கேஸ் லைன் வேண்டாம்னு சட்டம் போட்டுச்சு, 2023ல கோர்ட் அது செல்லாதுன்னுடுச்சு. ஆனா ஒண்ணைப் புரிஞ்சுக்கணும், இங்க பைப்ல வர்றது மீத்தேன், நம்ம ஊர் சிலிண்டர்ல இருக்கறது புரொப்பேனும் பியூட்டேனும். அதனால அமெரிக்கா செய்தியைப் பாத்துட்டு அப்படியே நம்ம அடுப்படிக்கு எடுத்து வைக்க முடியாது.

அதுக்காக நம்ம கேஸ் சுத்தம்னும் சொல்லலை. எந்தத் தீயா இருந்தாலும் நைட்ரஜன் டை ஆக்சைடு வரும், மூச்சிரைப்பு இருக்கற பிள்ளைகளுக்கு அது நல்லதில்ல. 2023ல ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டிகாரங்க பைப் கேஸ், புரொப்பேன் ரெண்டு அடுப்புலயும் கேன்சர் வரவைக்கற பென்சீன் வருதுன்னு அளந்து காட்டினாங்க. எங்க மகனுக்கு ஆஸ்துமா, அதனால ரெண்டு வருஷம் முன்னாடி இண்டக்‌ஷனுக்கு மாறினோம், அதுக்கப்பறம் மருந்து இழுக்கறது கொறஞ்ச மாதிரி எங்களுக்குத் தோணுது, டாக்டர் உறுதியா ஒண்ணும் சொல்லலை. தாளிப்பு, குழம்பு, கோழி வறுவல் எல்லாம் நல்லா வருது. சுட்ட அப்பளம் மட்டும் போச்சு.

காரைக்குடி கணக்கு
காசுக் கணக்கை யாரும் போடலை, நான் போடறேன். 14.2 கிலோ சிலிண்டர்ல இருக்கற சூட்டை யூனிட்டா மாத்தினா சுமார் 180 யூனிட். ஐஎஸ்ஐ முத்திரை வாங்கணும்னா ஸ்டவ் 68 சதமாவது சூட்டைப் பாத்திரத்துக்குக் குடுக்கணும், நம்ம வீட்டுல காத்து அடிச்சு, பர்னர் அடைச்சு, சின்னப் பாத்திரத்தைச் சுத்தித் தீ வெளிய போயி, 55 - 60 வந்தாலே பெரிசு. இண்டக்‌ஷன் 85 வாக்குல குடுக்கும். அதாவது ஒரு சிலிண்டர் வேலையை முடிக்க 120ல இருந்து 145 யூனிட் வரைக்கும் ஆகும். 2025 ஏப்ரல்ல 50 ரூபா ஏத்தினப்ப சென்னைல சிலிண்டர் 868.50, நம்ம பக்கம் கொஞ்சம் முன்ன பின்ன. வகுத்துப் பாத்தா யூனிட் ஆறு, ஏழு ரூபாக்குக் கீழ இருக்கற வரை கரண்ட் மலிவு, அதுக்கு மேல போனா கேஸ் மலிவு.

இப்ப ஆத்தா வீட்டுக்கு வாங்க. ரெண்டு மாசத்துக்கு எத்தனை யூனிட் ஓடுது, ஒரு சிலிண்டர் எவ்வளவு நாள் வருதுன்னு சொல்லுங்க.

தேவகோட்டை மகள்
போன பில்லு 160 யூனிட், மோட்டாரும் டிவியும் ரெண்டு ஃபேனும்தான். சிலிண்டர் நாலு மாசம் வரும்.

காரைக்குடி கணக்கு
அப்ப ரெண்டு மாசத்துக்கு அரை சிலிண்டர், 60 - 70 யூனிட். 160 + 70 = 230. 2025 ரேட்டுல பாத்தா முதல் நூறு யூனிட் 2016ல இருந்தே ஃப்ரீ, அடுத்த நூறு ரெண்டே கால் - ரெண்டரை ரூபா வாக்குல, அதுக்கு மேல நானூறு வரைக்கும் நாலே முக்கால் வாக்குல. கூடுதலா ஆகறது 230, 240 ரூபா. கேஸா இருந்தா அரை சிலிண்டருக்கு 430க்கு மேல. ஆத்தா மாதிரி தனியா இருக்கறவுகளுக்கு கரண்ட் தெளிவா லாபம்.

புதுவயல் அரிசி ஆலை வீடு
அண்ணே உங்க கணக்கு ஒத்தை ஆளுக்குச் சரி. எங்க வீட்டுல ஒம்பது பேரு, ரெண்டு ஏசி, ஏற்கனவே 480 யூனிட்ல நிக்குது. போன வருஷம் ஆசைப்பட்டு இண்டக்‌ஷனுக்கு மாறினோம், பில்லு 600க்குப் போச்சு, ஐநூறைத் தாண்டினதும் அந்த ரெண்டாவது நூறுக்கு இருந்த மலிவு ரேட்டும் போயிருச்சு, மேல ஓடினது எல்லாம் யூனிட் எட்டு ரூபாக்கு மேல. கூடுதலா மட்டும் ஆயிரத்து இருநூறு கிட்ட குடுத்தேன். திரும்ப கேஸுக்கே வந்துட்டோம். யாரும் கண்ணை மூடிட்டு மாறாதீங்க, முதல்ல உங்க கரண்ட் அட்டையை எடுத்துப் பாருங்க.

காரைக்குடி கணக்கு
ரொம்பச் சரி. இதைத்தான் சொல்ல வர்றேன், கேஸா கரண்டான்னு ஊருக்கே ஒரே பதில் கிடையாது, மீட்டர் எங்க நிக்குதுன்னு பாத்துத்தான் சொல்லணும். மாடியில சோலார் போட்டவங்க கணக்கு வேற, 3 கிலோவாட்டுக்கு மத்திய அரசு மானியம் 78,000 வரைக்கும் இருக்கு. ஆனா நாட்டு ஓடு போட்ட வளவு வீட்டுல பேனல் எங்க வைக்கறதுங்கறது தனிப் பிரச்சினை.

ஒயர்மேன் செக்காலை
மன்னிக்கணும், எல்லாரும் அடுப்பைப் பத்தியே பேசறீங்க, சுவத்துக்குள்ள இருக்கற ஒயரைப் பத்தி ஒருத்தரும் கேக்கல. நான் இந்தப் பக்கம் பழைய வீடுகளாத்தான் வேலை பாக்கறேன். தேக்குப் பட்டைக்குள்ள ஓடற ஒயரு, பீங்கான் ஃபியூஸ், எர்த் கம்பி எங்க போகுதுன்னு வீட்டுக்காரங்களுக்கே தெரியாது. 2000 வாட் இண்டக்‌ஷன் ஒம்பது ஆம்பியர் கிட்ட இழுக்கும். அதைக் கொண்டு போயி மிக்ஸி போடற 6 ஆம்பியர் பிளக்குல, அதுவும் ஒரு கன்வெர்ட்டரை மாட்டி சொருகிடறாங்க. ரெண்டு மாசத்துல பிளக் பாயிண்ட் பழுப்பாகும், அப்பறம் கருகும், அதுக்கப்பறம் என்னைக் கூப்பிடுவாங்க. போன மாசம் ஒரு வீட்டுல நான் தொட்டதும் சாக்கெட் அப்படியே பொடியா உதிந்துச்சு, உள்ள மரப்பட்டை ஒரு சாண் நீளத்துக்குக் கரியா கெடந்துச்சு. கேஸுக்குப் பயந்து கரண்டுக்கு மாறி வீட்டை எரிச்சுக்கக் கூடாது.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்ல. மெயின் போர்டுல இருந்து அடுப்படிக்குத் தனி லைன், 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத காப்பர் ஒயர், முடிஞ்சா 4. 16 ஆம்பியர் பிளக், லோடு கூடினா தானா விழற தனி எம்சிபி ஸ்விட்ச், கரண்ட் கசிஞ்சா டிரிப் ஆகற ஆர்சிசிபி ஸ்விட்ச் ஒண்ணு, ஒழுங்கான எர்த். ஒரே நாள்ல முடிஞ்சிரும். சாயந்தரம் வோல்டேஜ் எறங்கற தெருவா இருந்தா அதையும் பாத்துக்கங்க, ரொம்பக் கொறஞ்சா இண்டக்‌ஷன் கூவிட்டு நின்னுரும். மாசாந்திர பராமரிப்புன்னு ஒரு நாள் பூரா கரண்ட் எடுப்பாங்க, வீட்டு இன்வெர்ட்டர்ல இண்டக்‌ஷன் ஓடாது. அந்த நாளைக்கு என்ன வழின்னும் யோசிச்சு வைங்க.

பள்ளத்தூர் ஆச்சி
இதைத்தான் நானும் சொல்றேன். கரண்ட் இல்லாத நாள்ல அவுக பட்டினியா கெடக்கறதா?

தேவகோட்டை மகள்
ஆச்சி, அந்த நாளைக்கு சித்தி வீட்டுல இருந்து சாப்பாடு வந்துரும், அது பெரிய கவலை இல்ல. எனக்குப் பெரிய கவலை பாத்திரம்தான். ஆத்தா புழங்கறது பூரா வெண்கலப் பானை, ஈயச்சொம்பு, கல்சட்டி, ரெண்டு மங்குச் சட்டி, இரும்பு தோசைக்கல்லு. இதெல்லாம் தூக்கிப் போட்டுட்டு புதுசா வாங்கினா அவுகளுக்கு அது அவுக அடுப்படியாவே இருக்காது.

கானாடுகாத்தான் வளவு
பாத்திரம் பத்தி நான் சொல்றேன், நான் பழைய சாமான் சேக்கறவன். ஃபிரிட்ஜ்ல ஒட்டற காந்தம் ஒண்ணை எடுத்துட்டுப் போயி ஒவ்வொரு பாத்திரத்தோட அடியிலயும் வச்சுப் பாருங்க. கெட்டியாப் பிடிச்சா இண்டக்‌ஷன்ல சுடும், நழுவி விழுந்தா சுடாது. வெண்கலம், பித்தளை, செம்பு, அலுமினியம், கல்சட்டி, மண்சட்டி எதுவும் ஆகாது. அடுப்புக்கு அடியில இருக்கற சுருள் கம்பி காந்த அலையைத்தான் மேல அனுப்புது, இரும்பு அதை வாங்கி தானே சூடாகுது, கண்ணாடி சூடாகி பாத்திரத்துக்குச் சூட்டைக் குடுக்கறது இல்ல.

ஆனா ஒரு நல்ல சேதி இருக்கு. உங்க மங்குச் சட்டிக்குள்ள இருக்கறது இரும்புத் தகடு, எனாமல் மேல் பூச்சுதான். அப்ப நம்ம ஆளுக பர்மாவுல கடை வச்சிருந்த காலத்துல கப்பல்ல வந்து எறங்குன சாமான் இன்னிக்கு இண்டக்‌ஷன்ல வேலை செய்யும். நானே எங்க ஐயா காலத்து நீலக் கரை போட்ட மங்குல கீரை கடைஞ்சிருக்கேன், காந்தம் டக்குன்னு ஒட்டுச்சு, தண்ணி ஒரு நிமிஷத்துல முத்து முத்தாக் கெளம்பிச்சு. ரெண்டு எச்சரிக்கை மட்டும். அடி தட்டையா இருக்கணும், காலியா சூடேத்தவே கூடாது, பூச்சு வெடிச்சுக் கண்ணாடியில ஒட்டிக்கும். உள்பக்கம் பூச்சு உதிந்த சட்டியில சமைக்காதீங்க, அலமாரில வச்சு அழகு பாருங்க.

ஈயச்சொம்பை மட்டும் தயவு செஞ்சு எந்தக் கரண்ட் அடுப்புலயும் பரிசோதிக்காதீங்க. இண்டக்‌ஷன்ல அது சூடாகாது, இன்ஃப்ராரெட் அடுப்புல வச்சா உருகிரும், வெள்ளீயம் 232 டிகிரிலயே உருகற உலோகம். ரசத்தை எவர்சில்வர்ல கொதிக்க விட்டு நுரை கட்டினதும் ஈயச்சொம்புல ஊத்திக்கச் சொல்லுங்க, அந்த மணம் கொஞ்சமாவது வரும்.

நியூஜெர்சி மாப்பிள்ளை
இன்ஃப்ராரெட் பத்தி ஒரு வார்த்தை. கடைல எல்லாப் பாத்திரமும் வைக்கலாம்னு சொல்லி அதைத்தான் தள்ளி விடுவாங்க. வைக்கலாம், உண்மை. ஆனா அதுல கண்ணாடியே செவந்து சூடாகும், அணைச்ச பிறகும் ரொம்ப நேரம் சூடு இருக்கும், தீ மாதிரி கண்ணுக்குத் தெரியவும் தெரியாது. 78 வயசுல கையை ஊனிட்டாகன்னா தோல் வந்துரும். பெரியவங்களுக்கு அது வேண்டாம்.

வார்ப்பு
நான் கல்யாண சமையல் வேலை. இந்த இழையை ராத்திரி முழுக்க உக்காந்து படிச்சேன். எங்க தொழிலுக்கு கரண்ட் ஆகாது, ஆயிரம் எலைக்குச் சோறு வடிக்கற பாத்திரத்தை எந்த இண்டக்‌ஷனும் தாங்காது, 19 கிலோ சிலிண்டரும் பெரிய பர்னரும்தான், அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. எங்கம்மா ஒரு பெரிய வீட்டுல மூணாங்கட்டுல வெறகடுப்புல சமைச்சவங்க. கொடி அடுப்பு இருக்கும், பெரிய அடுப்புல ஒலை கொதிக்கும் போதே பக்கத்துக் கண்ணுல குழம்பு தானா சுண்டும், அந்த ருசிக்கு ஈடு கிடையாது, அதை நான் ஒத்துக்கறேன். அம்மா ஊதுகுழலை வாயில வச்சு ஊதி ஊதி, கண்ணு எப்பவும் செவந்து நீர் வடியும், அம்பது வயசுல இருமல் பிடிச்சது கடைசி வரைக்கும் விடல. 2007 வாக்குல அரசாங்கம் இலவசமா கேஸ் அடுப்பு குடுத்தப்ப எங்க வீட்டுக்கும் வந்துச்சு. அம்மா அதைத் தொடவே பயந்தாங்க, வெடிச்சிரும்னாங்க, கேஸ்ல வச்ச சோத்துல சவம் மாதிரி ஒரு மணம் வருதுன்னாங்க. மூணு மாசம் நான்தான் பத்த வச்சுக் குடுத்தேன். அப்பறம் ஒரு நாள் சாயங்காலம் வந்து பாத்தா அவங்களே பத்த வச்சு, அடுப்புக்கு முன்னாடி நிமிந்து நின்னு சமைச்சுக்கிட்டு இருந்தாங்க. எனக்குத் தெரிஞ்சு அம்மா நின்னு சமைச்சு அன்னிக்குத்தான் பாத்தேன். இப்ப உங்க ஆத்தா கரண்ட் அடுப்பைப் பத்திச் சொல்றதை எங்கம்மா கேஸைப் பத்திச் சொன்னாங்க. அதை மட்டும் நெனச்சுப் பாருங்க தங்கச்சி.

பள்ளத்தூர் ஆச்சி
தம்பி, இதைப் படிச்சிட்டு ரொம்ப நேரம் ஒண்ணும் எழுத முடியல. எங்க ஆயாவும் அப்படித்தான் இருமினாக. நான் கேஸ் பக்கம்தான், ஆனா நீங்க சொன்னதுல நியாயம் இருக்கு.

கோட்டையூர் ஸ்டவ் சர்வீஸ்
கேஸை மொத்தமா எடுக்க வேண்டாம்னு முடிவு பண்ணினா இதெல்லாம் செய்ங்க. சிலிண்டரை அடுப்படிக்கு வெளிய கொல்லைத் தாழ்வாரத்துல நிக்க வச்சு சுவரைத் தொளைச்சு காப்பர் பைப்புல கொண்டு வரலாம், வெயில் படாத எடமா இருக்கணும், ஆள் வச்சு முறையா செய்யணும். ரப்பர் டியூப் அஞ்சு வருஷம்தான், தேதி டியூப் மேலயே அச்சாகியிருக்கும், நான் போற வீடுகள்ல பாதிக்கு மேல தேதி தாண்டினதுதான். சிலிண்டர் கழுத்துப் பட்டையில ஏ, பி, சி, டின்னு ஒரு எழுத்தும் வருஷமும் இருக்கும், ஏ எழுத்துன்னா ஜனவரி - மார்ச், டி எழுத்துன்னா அக்டோபர் - டிசம்பர், அது அடுத்த சோதனைக்கான கெடு. கெடு தாண்டின சிலிண்டரை வாங்காதீங்க.

முக்கியமா, தீ அணைஞ்சா தானா கேஸை மூடற ஸ்டவ் இப்ப கெடைக்குது. பர்னர் ஓரத்துல சின்ன ஊசி மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருக்கும், அதுல சூடு படலைன்னா கேஸ் நின்னுரும். உங்க ஆத்தாவுக்கு நடந்தது அந்த ஸ்டவ்ல நடந்திருக்காது. கேஸ் கசிவுக்கு அலாரமும் வாங்கி மாட்டுங்க, தரையில இருந்து ஒரு அடி ஒசரத்துல. நெறைய பேரு விட்டத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டு பத்திரமா இருக்கோம்னு நெனைச்சுக்கறாங்க.

தேவகோட்டை மகள்
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. சனி ஞாயிறு ஊருக்குப் போயிட்டு வந்தேன், நடந்ததை எழுதறேன். கொஞ்சம் நீளமா இருக்கும்.

ஒயர்மேன் அண்ணே சொன்னபடி முதல்ல லைனைப் பாக்கச் சொன்னேன். வந்தவரு பட்டையைப் பிரிச்சதும் ஒயரோட ரப்பர் தோல் கையில மாவா வந்துச்சு. நல்ல வேளை, நேரா பிளக்ல சொருகாம விட்டோம். தனி லைன், 16 ஆம்பியர் பிளக், எர்த் எல்லாம் போட்டாச்சு. இண்டக்‌ஷன் அமுக்கற பட்டன் வச்சதா பாத்து வாங்கினேன், தொட்டா ஓடற பேனல்ல ஆத்தாவோட ஈரக் கை பட்டா எதுவும் நடக்க மாட்டேங்குது, கடைல அவுக கையை நனைச்சு விட்டே பாத்துட்டேன். பட்டன்ல எல்லாம் இங்கிலீஷ், அதனால ரெண்டே ரெண்டு பட்டன் மேல செவப்பு நெயில் பாலிஷ்ல பொட்டு வச்சு, பக்கத்துல "போடு", "நிறுத்து"ன்னு தாள் ஒட்டினேன்.

காந்தத்தை ஆத்தா கையிலயே குடுத்தேன். அது அவுகளுக்குப் பிடிச்சுப் போச்சு. ஒவ்வொரு பாத்திரமா அவுகளே எடுத்து அடியில ஒட்டிப் பாத்தாக. வெண்கலப் பானையில நழுவி விழுந்ததும் மொகம் சுண்டிருச்சு. மங்குச் சட்டியில சடக்குன்னு ஒட்டினதும், "எங்க ஆயா சீராக் குடுத்தது, இதுக்குள்ள இரும்பா இருந்துச்சு?"ன்னு திருப்பித் திருப்பிப் பாத்தாக.

அப்பறம் பணியாரம். ஒரு ஆழாக்கு பச்சரிசி, அது மேல கோபுரமா நிக்கற அளவு உளுந்து, ரெண்டு மணி நேரம் ஊறப் போட்டு வெண்ணெய் மாதிரி ஆட்டினாக. அடி தட்டையான இரும்புச் சட்டியில எண்ணெய் வச்சு முதல்ல 1600 வாட்ல போட்டோம். ஒரு கரண்டி ஊத்தினதும் மாவு அடிக்குப் போயி டபக்குன்னு மேல வந்து ஓரம் பூவா விரிஞ்சுச்சு, ஆனா திருப்பறதுக்குள்ள செவந்து போச்சு. வெள்ளைப் பணியாரம் செவந்தா அது வெள்ளைப் பணியாரமே இல்ல. 800க்குக் கொறைச்சோம், அங்க என்ன ஆச்சுன்னா அடுப்பு கொஞ்ச நேரம் ஓடும், கொஞ்ச நேரம் நிக்கும், நின்ன நேரத்துல ஊத்தின பணியாரம் எண்ணெயைக் குடிச்சு சொதசொதன்னு ஆயிடுச்சு. ஆத்தா கரண்டியை வச்சுட்டு, "நான் சொன்னேன்ல"ன்னாக. எனக்கு பதில் இல்ல. அப்பறம் அவுகளே எண்ணெயை இன்னும் ஒரு டம்ளர் ஊத்தச் சொன்னாக, எண்ணெய் கூட இருந்தா சூடு டக்குனு எறங்காதாம். 1000ல விட்டுட்டு எண்ணெய்க்கு மேல உள்ளங்கையைக் காட்டிக் காட்டிப் பாத்து ஊத்தினாக. அஞ்சாவது பணியாரம் வெள்ளையா, ஓரம் மட்டும் லேசா முறுமுறுன்னு வந்துச்சு. மொத்தம் பதினாலு தேறிச்சு. கேஸ்ல வர்ற அளவுக்கு உப்பலைன்னு இப்பவும் சொல்றாக, அது உண்மையும்கூட. குழிப்பணியாரம் மட்டும் சரியா வரவே இல்ல, நடுக்குழி கருகிச்சு, ஓரக்குழி பச்சையா இருந்துச்சு.

கானாடுகாத்தான் வளவு
குழிப்பணியாரச் சட்டிக்கு அடி தட்டையா இல்லல்ல, குழி முட்டுத்தான் கண்ணாடியில படும். கீழ இருக்கற சுருளும் ஒரு சாண் அகலம்தான். நடுக்குழி மட்டும் சூட்டை வாங்கிக்கும். அது கேஸ்லதான் வரும்.

வார்ப்பு
எண்ணெய் கூட ஊத்தினது சரியான கைப்பக்குவம். அவங்களைப் பத்தி நீங்க கவலைப்பட வேண்டாம். ஒண்ணு மட்டும், இண்டக்‌ஷன்ல எண்ணெய் ரொம்ப சீக்கிரம் காயும், வச்சுட்டு ரெண்டாங்கட்டுக்குப் போற பழக்கம் இதுலயும் ஆபத்துதான். எண்ணெய் வேலை எப்பவும் ஆள் கூட இருக்கும் போது.

பள்ளத்தூர் ஆச்சி
அப்ப கேஸை என்ன செய்யப் போறீக?

தேவகோட்டை மகள்
எடுக்கலை ஆச்சி. பழைய ஸ்டவ்வைக் குடுத்துட்டு தீ அணைஞ்சா தானா மூடிக்கற ரெண்டு பர்னர் ஸ்டவ் வாங்கியாச்சு, சிலிண்டர் கொல்லைத் தாழ்வாரத்துக்குப் போயிருச்சு, அலாரம் தரையில இருந்து ஒரு அடில. தினமும் காலைல வேலைக்கு வர்ற அக்கா பத்து மணிக்குத்தான் ரெகுலேட்டரைத் தொறப்பாங்க, போகும் போது மூடிட்டுப் போவாங்க. அந்த ரெண்டு மணி நேரத்துல வெண்கலப் பானை, கல்சட்டி, குழிப்பணியாரம் எல்லாம் கேஸ்ல. விடிகாலை பால், காப்பி, ராத்திரி இட்லி, கஞ்சி, கவுணி அரிசி வேக வைக்கற குக்கர் எல்லாம் கரண்ட்ல. தனியா இருக்கற நேரத்துல வீட்டுக்குள்ள கேஸே கெடையாது. தம்பிக்கு முழுத் திருப்தி இல்ல, ஆத்தாவுக்கும் முழுத் திருப்தி இல்ல, ஆனா ரெண்டு பேரும் சரின்னுட்டாக.

ஒயர்மேன் செக்காலை
நல்லா செஞ்சிருக்கீங்க. ஆர்சிசிபில டெஸ்ட்னு ஒரு சின்ன பட்டன் இருக்கும், மாசம் ஒரு தடவை அமுக்கிப் பாக்கச் சொல்லுங்க, டிரிப் ஆகணும்.

தேவகோட்டை மகள்
சொல்றேன் அண்ணே. இன்னிக்குக் காலைல அஞ்சரைக்கு ஆத்தா போன் பண்ணினாக. பால் பொங்கறதுக்கு முன்னாடி அவுகளே "நிறுத்து" பட்டனை அமுக்கிட்டாகளாம். காப்பி கலந்துட்டுத்தான் பேசறேன்னாக.